கமுகுத் தோப்பு போட நிலம் தேடுகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பாக்குத் தோப்பு போட இடம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "மண் எப்படி?" என்பதைத்தான். அதைக் கேட்க வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. கோடை முற்றிக் கிணறெல்லாம் இறங்கிப் போகும் நாட்களில் இந்த நிலத்துக்கு எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்? அடைமழை கொட்டித் தீர்க்கும் நாட்களில் இந்த நிலத்தில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும்? இவை இரண்டுக்கும் திருப்தியான பதில் கிடைத்துவிட்டால் மண்ணில் இருக்கும் குறைகளைப் பெரும்பாலும் சரிக்கட்டிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அடுத்த இடத்தைப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், கமுகுக்கு ஆணிவேர் கிடையாது. தென்னையைப் போலவே சல்லிவேர்தான், அதிலும் பெரும்பகுதி தூரைச் சுற்றி இரண்டு மூன்று அடிக்குள், மேல்மண்ணிலேயே இருக்கும். மா, புளி மாதிரி ஆழத்தில் போய்த் தண்ணீர் தேடிக்கொள்ளும் சாமர்த்தியம் அதற்கு இல்லை, ஒரு கோடையில் மேல்மண் காய்ந்து வெடித்தால் மட்டை தொங்கிவிடும், பாளை கருகும், பிஞ்சு கொட்டும், அதிலிருந்து மரம் தேறி வருவதற்கே ஒன்றிரண்டு வருஷம் போய்விடும். அதே வேர் தொடர்ந்து தண்ணீரில் ஊறிக் கிடந்தாலும் மூச்சு முட்டி அழுகும். எப்போதும் ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது. நிலம் தேடுவதில் உள்ள சிரமம் மொத்தமும் இந்த ஒரு முரண்பாட்டில்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம், நாட்டு ரகங்கள் காய்ப்புக்கு வரவே ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும், பிறகு நாற்பது வருஷத்துக்கு மேலும் நிற்கும். வாழையிலோ மஞ்சளிலோ இந்த வருஷம் தப்பினால் அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம், கமுகில் நிலம் சரியில்லை என்று தெரியவருவதற்குள் பாதி ஆயுள் போயிருக்கும். அதனால் நிலம் பார்ப்பதற்கு ஒரு வருஷம் செலவானாலும் அது வீண் இல்லை.

முதல் வடிகட்டல்: வீட்டில் இருந்தபடியே

எல்லா இடத்துக்கும் நேரில் அலையத் தேவையில்லை. கமுகு வெப்பமண்டலப் பயிர், நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 28 டிகிரி அட்சம் வரைதான் சாகுபடி நடக்கிறது. வெப்பநிலை 14 முதல் 36 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் செழிப்பாக வளரும். அதற்கு மேலே நீண்ட நாள் கொதிக்கிற இடமும் கீழே இறங்கிக் குளிர்கிற இடமும் ஒத்துவராது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டருக்கு மேலே போனால் மரம் வளர்ந்தாலும் காயின் தரம் விழுந்துவிடும், மலையில் மலிவாக இடம் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் உயரத்தைக் கேளுங்கள்.

மழையைப் பொறுத்தவரை வருஷத்துக்கு 750 மில்லிமீட்டர் பெய்யும் இடத்திலும் கமுகு இருக்கிறது, 4,500 மில்லிமீட்டர் கொட்டும் இடத்திலும் இருக்கிறது. அதனால் மொத்த மழை அளவை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எத்தனை மாதம் தொடர்ந்து மழையே இல்லாமல் போகிறது என்று பாருங்கள். 3,000 மில்லிமீட்டரும் நான்கே மாதத்தில் கொட்டிவிட்டு மீதி எட்டு மாதம் வெயில் காய்ந்தால், குறைவான மழை பரவலாகப் பெய்யும் இடத்தைவிட அங்கேதான் பாசனம் அதிகம் தேவைப்படும். மழை கொட்டும் இடங்களில் காய் அழுகல் என்னும் மாகாளி நோய் தவறாமல் வரும், மழை தொடங்கும் முன்னரும், பிறகு ஒன்றரை மாதம் கழித்தும் மரம் ஏறிக் குலைக்குக் குலை போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) அடிக்க வேண்டியிருக்கும். ஆகவே மழை அதிகம் என்பதை மட்டும் லாபக் கணக்கில் எழுதிவிடாதீர்கள், அதற்கான ஆள்கூலியையும் சேர்த்து எழுதுங்கள்.

எத்தனை மரம், எவ்வளவு தண்ணீர்

கணக்கு எளிதானதுதான். வழக்கமான இடைவெளி மரத்துக்கு மரம், வரிசைக்கு வரிசை 2.7 மீட்டர், அதாவது சுமார் ஒன்பது அடி. அந்தக் கணக்கில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,370 மரம், ஏக்கருக்கு 550 மரம் நிற்கும். சொட்டு நீர் போட்டால் கோடையில் ஒரு மரத்துக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 லிட்டர் கொடுக்க வேண்டும். இருபது என்றே வைத்துக்கொள்வோம், ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 11,000 லிட்டர். பாத்தி கட்டி வாய்க்காலில் பாய்ச்சுவதாக இருந்தால் ஒரு தடவைக்கு மரத்துக்கு 175 லிட்டர் வீதம் கோடையில் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒரு தடவை, அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஏக்கருக்கு 96,000 லிட்டர் வேண்டும், நாலு நாளைக்கு ஒரு முறை என்றால் தினசரிக் கணக்கில் 24,000 லிட்டர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல், தண்ணீர் சுமாராக இருக்கும் நிலத்தில் சொட்டு நீர் இல்லாமல் கமுகை நினைத்தே பார்க்க வேண்டாம்.

சரி, அந்த நிலத்தில் இவ்வளவு தண்ணீர் வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விற்கிறவர் "வற்றாத கிணறு" என்றுதான் சொல்வார். வற்றாத கிணறு என்பதற்கும் போதுமான ஊற்றுள்ள கிணறு என்பதற்கும் நிறைய தூரம். அளந்துதான் பார்க்க வேண்டும், அதுவும் கோடை உச்சத்தில். மழைக்காலத்தில் அளந்தால் எந்தக் கிணறும் பாஸாகிவிடும்.

திறந்த கிணறாக இருந்தால் சாயங்காலம் மோட்டார் போட்டு நன்றாக இறைத்துவிட்டு, தண்ணீர் மட்டத்தை ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க யாரும் மோட்டார் போடக் கூடாது. மறுநாள் காலையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். மூன்று மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஒரு மீட்டர் ஏறினால் அது ஏறத்தாழ 7,000 லிட்டர். பன்னிரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மீட்டர் ஏறியிருந்தால் பத்தாயிரத்துச் சொச்சம், நாள் முழுவதற்கும் இருபதாயிரம் லிட்டரைச் சுற்றி வரும். சொட்டு நீரில் இரண்டு ஏக்கருக்குக் கணக்குக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் கணக்குக்குச் சரியாக இருக்கிற தண்ணீர் தோட்டத்துக்குப் பற்றாது, ஒன்றரை ஏக்கரோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஆழ்துளைக் கிணறு என்றால் 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாயடியில் வைத்து எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்க்கலாம். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 6,000 லிட்டர். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மோட்டார் போட்டதும் முதலில் வருவது குழாய்க்குள் ஏற்கெனவே தேங்கி நின்ற தண்ணீர், அது தீர்ந்த பிறகு வருவதுதான் ஊற்றின் உண்மையான அளவு. குறைந்தது மூன்று நான்கு மணி நேரமாவது தொடர்ந்து ஓடவிட்டு, அரை மணிக்கு ஒரு முறை டிரம்மை வைத்து அளந்து எழுதிக்கொண்டே வாருங்கள். கடைசி மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அதை நம்பலாம். குறைந்துகொண்டே போனால், நடுவில் காற்றுக் காற்றாக வந்தால், நம்ப வேண்டாம். மின்சாரம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வருகிறது என்பதையும் அந்த வட்டாரத்தில் விசாரித்து இதோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தண்ணீரின் சுவையையும் பாருங்கள், பரிசோதனைக் கூடத்துக்கும் ஒரு பாட்டில் கொடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் கமுகுக்கு ஆகாது. நாக்குக்கே உப்புக் கரிக்கிறது என்றால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

தண்ணீர் நிற்குமா?

இது மழைக்காலத்தில் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய விஷயம். முடியாத பட்சத்தில் நிலமே சில தடயங்களை வைத்திருக்கும். வேலிக் கம்பியில் காய்ந்த சருகும் குப்பையும் ஒரே மட்டத்தில் சிக்கிக் கிடக்கிறதா, மரத்தூர்களில் சேற்றுக் கோடு தெரிகிறதா, கோரையும் சம்பும் பள்ளத்தில் மண்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். இவை எல்லாம் அங்கே தண்ணீர் தங்குகிறது என்பதைத்தான் சொல்கின்றன.

அப்புறம் குழி வெட்டுங்கள். ஒரு குழி போதாது, நிலத்தின் மேட்டுப் பகுதியில் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று வெட்டி, ஒவ்வொன்றும் மூன்றடிக்குக் குறையாமல் இருக்கட்டும். குழியின் ஓரச் சுவரைக் கொத்தால் லேசாகச் சுரண்டி உள்ளே இருக்கும் புது மண் தெரியும்படி செய்துவிட்டு நிதானமாகப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை செம்மை அல்லது பழுப்பு நிறம் ஒரே சீராக இறங்கினால் காற்றோட்டமுள்ள மண். ஓரிடத்துக்குக் கீழே சாம்பல் அல்லது நீலம் பாரித்த சாம்பல் திட்டுகளும், அதன் நடுவே துருப்பிடித்த மாதிரிச் செம்மஞ்சள் புள்ளிகளும் வந்தால், வருஷத்தில் சில மாதமாவது தண்ணீர் அந்த மட்டம் வரை ஏறி நிற்கிறது என்று பொருள், நீங்கள் பார்க்கும் நாளில் குழி காய்ந்து கிடந்தாலும் சரி. இந்தத் திட்டு மூன்றடிக்குக் கீழே ஆரம்பித்தால் வடிகால் வெட்டிச் சமாளிக்கலாம். ஒன்றரை அடியிலேயே ஆரம்பித்துவிட்டால் அங்கே கமுகுக்கு இடமில்லை.

அதே குழிக்குள் அடியில் இன்னொரு சின்னக் குழி, ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் தடவை ஊற்றிய தண்ணீரை மண் குடித்துவிடும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது வற்றியதும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அங்குலம் குறித்து நட்டு வைத்துக் கவனியுங்கள். மணிக்கு ஒன்று முதல் மூன்று அங்குலம் இறங்கினால் அருமை. ஒரு அங்குலத்துக்கும் குறைவு என்றால் வடிகால் பிரச்சினை இருக்கிறது. நாலு அங்குலத்துக்கு மேல் சரசரவென்று இறங்கினால் மணற்பாங்கு, ஊற்றும் தண்ணீரும் போடும் உரமும் வேருக்குக் கீழே போய்விடும்.

வயலாக இருந்த நிலத்தைக் கமுகுக்கு மாற்ற நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படிப்பட்ட நிலத்தில் சேறடித்துச் சேறடித்து அரை அடி, முக்கால் அடிக்குக் கீழே ஒரு கெட்டித் தட்டு உருவாகியிருக்கும், கடப்பாரையைக் குத்தினால் கையில் தெரியும். அதை உடைத்து, வடிகாலும் வெட்டி, மேடாக்கி நட்டால் வரும். ஆனால் பக்கத்து வயல்காரர் நெல்லே போட்டுக்கொண்டிருந்தால் அவர் கட்டி வைக்கும் தண்ணீர் கசிந்து உங்கள் பக்கம்தான் வரும், நீங்கள் எத்தனை வடிகால் வெட்டினாலும் மாதக்கணக்கில் மண் சொதசொதவென்றுதான் இருக்கும். மூன்று பக்கம் நெல் வயல் இருக்கும் துண்டு நிலத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். சட்டமும் ஒரு பக்கம் இருக்கிறது, கேரளத்தில் 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, வேறு பகுதிகளில் அந்தந்த இடத்து விதியை விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

வடிகால் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பதையும் நடந்து போய்ப் பாருங்கள். உங்கள் நிலத்தின் தாழ்ந்த மூலையைவிடத் தாழ்வான ஓடையோ வாய்க்காலோ பக்கத்தில் இருக்க வேண்டும், அந்த வழி அடுத்தவர் நிலத்துக்குள் போகாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக வெட்டினாலும் அது வடிகால் ஆகாது, உள்ளேயே தேங்கும் குட்டையாகத்தான் இருக்கும்.

இப்போது மண்

கமுகு அதிகம் விளைகிற இடங்களில் பெரும்பாலும் இருப்பது செம்மண் கலந்த சரளை, அதாவது செம்புறை மண். வளமான களி கலந்த வண்டலிலும் நன்றாக வருகிறது. பிசுபிசுத்த கடும் களி, வெறும் மணல், உவர் மண், சுண்ணாம்பு மண், இந்த நான்கும் ஒத்துவராது.

வெட்டிய குழியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடாவாகப் பிதுக்குங்கள். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். ஒரு அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை வந்து அறுந்தால் கமுகுக்குத் தோதான களிமண் கலப்பு. இரண்டைத் தாண்டி நீண்டுகொண்டே போய், பளபளப்பாகவும் இருந்தால் கடும் களி, கோடையில் பாளம் பாளமாக வெடித்து வேரை அறுக்கும்.

சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க, காய்ந்த மண் கட்டியின் மேல் காடி (வினிகர்) ஊற்றலாம். புஸ்ஸென்று நுரைத்தால் சுண்ணாம்பு தாராளமாக இருக்கிறது. குழியில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் தெரிந்தாலும், கீழே சுக்கான் பாறை தட்டுப்பட்டாலும் அதே கதைதான். உவருக்கு அடையாளம் கோடையில் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்துக் கிடப்பது, உமரி மாதிரியான உப்புச் செடிகள் தானாக முளைத்திருப்பது.

மண் பரிசோதனைக்கு எடுக்கும்போது ஒரு சின்ன விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். நெல்லுக்கும் கடலைக்கும் எடுப்பதுபோல் மேலே அரை அடி மண்ணை மட்டும் எடுத்துக் கொடுப்பார்கள். மரப்பயிருக்கு முதல் அடி, இரண்டாவது அடி, மூன்றாவது அடி என்று தனித்தனியாக எடுத்து, தனித்தனிப் பையில் போட்டு, எந்த அடி என்று எழுதித் தர வேண்டும். நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ போதும். முடிவு வரும்போது பிஎச் ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் இருந்தால் கவலையில்லை, அதற்குக் கீழே புளிப்பாக இருந்தாலும் சுண்ணாம்பு இட்டுத் திருத்தலாம். எட்டைத் தாண்டியிருந்தால் திருத்துவது கடினம், காசு கரையும். உப்பைக் காட்டும் இசி (மின்கடத்துத் திறன்) மீட்டருக்கு ஒரு டெசிசீமன்ஸுக்குள் இருக்கட்டும். தழை, மணி, சாம்பல் சத்து குறைவு என்று வருவதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், எருவும் உரமும் போட்டால் தீரும் சங்கதி அது, அதற்காக நல்ல தண்ணீருள்ள நிலத்தைக் கைவிடுவது அநியாயம்.

ஆழம் முக்கியம். நடவுக் குழியே மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் வெட்ட வேண்டும், அதுவரைக்குமாவது பாறை இல்லாமல் கடப்பாரை இறங்க வேண்டும். களிமண் அதிகமான இடத்தில் இரண்டடிக் குழி போதும்.

பக்கத்துத் தோப்பைப் படியுங்கள்

எனக்குக் கேட்டால், பரிசோதனைக் கூடத்து முடிவைவிட இதைத்தான் அதிகம் நம்புவேன். ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் வயதான கமுகு நிற்கிறதா என்று தேடுங்கள். கமுகு இல்லாவிட்டால் தென்னை, வாழை, வெற்றிலைக் கொடிக்கால், சேப்பங்கிழங்கு, இவை தளதளவென்று இருக்கின்றனவா என்று பாருங்கள். கமுகு நின்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் அதன் தண்டே ஒரு பதிவேடு. ஒவ்வொரு மட்டை விழும்போதும் தண்டில் ஒரு வளையம் விழும், வருஷத்துக்கு ஆறேழு மட்டை விழுகிறது. வளையத்துக்கு வளையம் இடைவெளி விசாலமாக, தண்டு ஒரே பருமனாக மேலே போயிருந்தால் அந்த வருஷங்களில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஓரிடத்தில் வளையங்கள் நெருக்கமாகி, தண்டும் சுருங்கி, மறுபடி விரிந்திருந்தால் அங்கே ஒரு பஞ்ச காலம் பதிந்திருக்கிறது. உச்சியிலிருந்து கீழ்நோக்கி எண்ணினால் அது சுமாராக எத்தனை வருஷத்துக்கு முன் என்றுகூடச் சொல்லிவிடலாம். ஒரு மரம் மட்டும் அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள், தோப்பு முழுக்க ஒரே உயரத்தில் அந்தச் சுருக்கம் இருந்தால், அந்த வருஷம் இங்கே கிணறு வற்றியதா என்று தோப்புக்காரரிடமே கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதுமே அவர் உங்களிடம் மனம்விட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்.

நோயையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கொண்டையில் வெளிச்சுற்று மட்டைகளின் நுனி மஞ்சளாகி, மஞ்சள் உள்ளே பரவி, காயை உடைத்துப் பார்த்தால் பருப்பு கறுத்து மெத்தென்று இருந்தால் அது மஞ்சள் இலை நோயாக இருக்கலாம். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது, தத்துப்பூச்சி வழியாக மரத்துக்கு மரம் பரவும். பக்கத்துத் தோப்பு முழுக்க அப்படி இருந்தால் அங்கே புதிதாக நடுவது வம்பை விலைக்கு வாங்குவது. தூரில் செம்பழுப்பாக நீர் வடிந்து, அடியில் கெட்டியான காளான் முளைத்திருந்தால் அது அடித்தண்டு அழுகல், தென்னையில் தஞ்சாவூர் வாடல் என்கிறோமே, அதே இனத்துப் பூஞ்சை. பழைய தென்னை, கமுகுத் தூர்கள் புதைந்து கிடக்கும் நிலமாக இருந்தால் அவற்றை வேரோடு தோண்டி அப்புறப்படுத்தும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

வெயிலும் காற்றும்

கமுகுக்கு மதியத்துக்கு மேலான மேற்கு வெயில் எதிரி. தென்மேற்குப் பக்கம் திறந்து கிடக்கும் நிலத்தில் ஓர வரிசை மரங்களின் தண்டில் முதலில் தங்க மஞ்சளாக ஒரு திட்டு விழும், பிறகு அது பழுப்பாகி வெடிக்கும், வெடித்த இடத்தில் பூஞ்சையும் பூச்சியும் புகுந்து ஒரு காற்றில் மரம் முறியும். ஆகவே தென்மேற்கிலும் மேற்கிலும் குன்றோ உயர்ந்த தோப்போ இருக்கும் நிலம் கிடைத்தால் அது பாதி வரம். கர்நாடகத்து மலைநாட்டில் பழைய பாக்குத் தோட்டங்கள் இரண்டு குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் ஒடுங்கிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம், வெயிலும் அடிக்காது, காற்றும் அடிக்காது, மேலே பெய்த மழை மெல்லக் கசிந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படி இடம் அமையாவிட்டால் அந்தப் பக்கம் இரண்டு மூன்று வரிசை உயரமான நிழல்மரம் நட இடம் ஒதுக்க வேண்டும். வரிசைகளை நேர் வடக்கு தெற்காகப் போடாமல் மேற்குப் பக்கம் சுமார் 35 டிகிரி திருப்பிப் போட்டால் வெயில் தாக்கு குறையும் என்பது பழைய சிபாரிசு. இவை இரண்டுக்குமே கொஞ்சம் அகலமான நிலம் தேவை, ரிப்பன் மாதிரி ஒடுங்கி நீண்ட துண்டில் எல்லா மரமும் ஓர மரமாகத்தான் இருக்கும்.

காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒல்லியான தண்டு, தலையில் கொண்டை. வெட்டவெளி மேடும் இரண்டு மலைக்கு நடுவே காற்று பீறிட்டு வரும் கணவாய் வாயும் வேண்டாம்.

சரிவு லேசாக இருந்தால் நல்லதே, தண்ணீர் தானாக வடியும். செங்குத்தாக இருந்தால் படிமட்டம் வெட்டும் செலவு, மேல்மண் அரிப்பு, காய் வெட்டும்போது ஏறி இறங்கும் கஷ்டம் எல்லாம் சேர்ந்து வரும்.

மற்றவை

நிலத்தின் குறுக்கே மின்கம்பி போகிறதா என்று தலையைத் தூக்கிப் பாருங்கள், கமுகு ஐம்பது அடிக்கு மேல் வளரும். வண்டி உள்ளே வர வழி வேண்டும், அது வாய்மொழியாக இல்லாமல் பத்திரத்தில் இருக்க வேண்டும். கிணறு பொதுக் கிணறு என்றால் யாருக்கு எந்த நாள் முறை என்பதும் எழுத்தில் இருக்கட்டும். காட்டை ஒட்டிய நிலம் மலிவாகக் கிடைக்கும், யானைக்குக் கமுகு பிடிக்கும் என்பதும் அந்த மலிவுக்கு ஒரு காரணம். மரம் ஏறத் தெரிந்த ஆட்கள் அந்த வட்டாரத்தில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள், இன்று பல தோப்புகளில் காய் இருந்தும் ஏற ஆள் இல்லை என்பதே பெரிய தலைவலி. பழுத்த காயைக் காயப்போட்டுக் கொட்டைப்பாக்காக்குவதாக இருந்தால் நாற்பது நாள் வரை நல்ல வெயிலில் கிடக்க வேண்டும், அதற்கு நிழலில்லாத களம் ஒன்று தனியாக ஒதுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது பலருக்குப் பிடிக்காது என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். உலக சுகாதார அமைப்பின் கீழுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே பாக்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. நாற்பது வருஷம் நிற்கப்போகிற மரத்துக்கு நிலம் தேடும்போது அதன் சந்தை இதே மாதிரி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அதனால் மிளகு ஏற்றவும், நடுவில் கோகோவும் வாழையும் வைக்கவும் தோதான நிலமாகப் பாருங்கள். கமுகுக்குப் பிடித்த ஈரமும் வடிகாலும் நிழலும் இவற்றுக்கும் பிடிக்கும் என்பதால் இதற்காகத் தனியாகத் தேட வேண்டியதில்லை, தண்ணீர்க் கணக்கில் மட்டும் இந்தப் பயிர்களுக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்து முன்பணம் கொடுத்துவிட்டால், உடனே கமுகுக் கன்று வாங்க ஓட வேண்டாம். முதலில் வடிகால் வெட்டுங்கள், நடவுக் குழியின் அடிமட்டத்தைவிட அரை அடி முதல் ஒரு அடி வரை ஆழமாக இருக்கட்டும். தென்மேற்கு ஓரத்தில் நிழல்மரம் நடுங்கள், வரிசைகளுக்கு நடுவே வாழை வையுங்கள், இளங்கன்றுக்கு நேர் வெயில் ஆகாது. ஒரு முழு மழைக்காலம் போகட்டும், எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது என்று வாழையே காட்டிக்கொடுக்கும். அந்த மூலையைக் கமுகு வரிசையிலிருந்து நீக்கிவிட்டு, அங்கே மாட்டுத் தீவனப் புல் போட்டுக்கொள்ளலாம்.